ஓடைக்காட்டுக்குப் போகும் வழி

ஜூன் 9

உரக்கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி. இத்தனை நாள் அலமாரியில் சும்மா கிடந்தது. கோடுகளை இவ்வளவு மங்கலாகவா அச்சடிப்பார்கள்? மையில்கூட மிச்சம் பிடிக்கிற காலம். கோடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எழுதத்தான் போகிறேன். காரணம் இருக்கிறது.

மகன் குமரகுரு கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு இன்று காலை கிளம்பினான். தை பிறந்தால் தோட்டப் பொறுப்பு அவன் கைக்குப் போகிறது. அது நானே ஒப்புக்கொண்டதுதான், முட்டி வலிக்கிறது. ஆனால் காப்பியை அடியோடு பிடுங்கிவிட்டு பட்டர் ஃப்ரூட் வைக்கப் போகிறேன் என்று நேற்றுச் சாப்பிடும்போது சொன்னான் பாருங்கள், சோறு இறங்கவில்லை.

"இந்த மலையில பாதிப் பேரு காப்பியப் புடுங்கியாச்சுப்பா. நீங்க மட்டும் துருப் புடிச்ச செடியக் கட்டிக்கிட்டு அழுகுறீங்க."

"யாருடா அழுதது?"

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். கார்த்திகையில் முதல் பழம் எடுக்கிறபோது வந்து பார்ப்பான். ஓடைக்காட்டுச் செடி இலையோடு நின்றால் காப்பி இருக்கும். துரு தின்று மொட்டையாக நின்றால் மேட்டுக்காடு, ஓடைக்காடு இரண்டையும் பிடுங்கலாம், நான் வாய் திறக்க மாட்டேன்.

"அப்பனும் மகனும் பந்தயம் கட்டி வெளையாடுங்க. வடிச்சுக் கொட்ட நான் ஒருத்தி இருக்கேன்ல" என்றாள் என் மனைவி தெய்வானை.

ஜூன் 11

தாண்டிக்குடி மலையில் என் காப்பித் தோட்டம் இரண்டு துண்டு. வீட்டை ஒட்டி மேட்டுக்காடு. அதற்குள் இறங்கிப் போனால் கீழே ஓடை, ஓடைக்கரையில் ஓடைக்காடு. மேட்டுக்காட்டுச் செடி எனக்குக் கல்யாணமான வருடம் வைத்தது. பழைய ரகம். காப்பி மணக்கும், ஆனால் துரு நோய்க்கு அது மாமியார் வீட்டு விருந்து மாதிரி. இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி பூக்கும், இலை உதிரும், பழம் சுருங்கும், செடி குச்சியாகும்.

நாலு வருடத்துக்கு முன் ஓடைக்காட்டில் புதுச்செடி வைத்தபோது, துரு தாங்குகிற புது ரகம் வை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மேட்டுக்காட்டில் நல்ல செடியாகப் பார்த்து விதை எடுத்து, நானே நாற்று விட்டு நட்டேன். பிடிவாதம் என்றார்கள். பிடிவாதம்தான். அதில் இந்த வருடம்தான் முதல் முழுக்காய்ப்பு. ஓடைக்காடு போனால் அந்த ரகமே என்னோடு போயிற்று.

அதனால் ஓடைக்காட்டு வாசலில் குறுக்கே ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டிவிட்டேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு விளக்குமாறு. யார் வந்தாலும் உடுப்பைத் தட்டி, கைகால் கழுவிவிட்டுத்தான் கயிற்றைத் தாண்ட வேண்டும். வேறு தோட்டத்துச் சாக்கு, கூடை எதுவும் உள்ளே வரக்கூடாது. துருப்பொடி காற்றில் மட்டுமா வரும், மனிதர் மேலும் ஒட்டிக்கொண்டு வரும்.

களையெடுக்க வந்த மூக்கம்மாள் சிரித்தாள். "கோயிலுக்குள்ள போற மாதிரில்ல இருக்கு." சிரிக்கட்டும்.

ஜூன் 18

மருந்து அடித்தோம். நீல நிற மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து பிளாஸ்டிக் டிரம் தண்ணீரில் நேற்றே தொங்கவிட்டாயிற்று. சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, துத்தத் தண்ணீரை அதில் மெல்ல ஊற்றிக் கலக்கினோம். கலந்ததும் கதிர் அரிவாளை முக்கிப் பார்க்க வேண்டும். அரிவாள் சிவந்தால் துத்தம் தூக்கல் என்று அர்த்தம், அதை அப்படியே அடித்தால் இலை வெந்துபோகும். இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அரிவாள் நிறம் மாறாவிட்டால் அடிக்கலாம்.

மருந்து அடிக்கிற வேலையாள் கருப்பணன் அரிவாளை நீட்டினான். பார்த்தேன். சரியாக இருந்தது.

"அடிக்கலாம்களாய்யா?"

"சொல்லியாச்சுல்ல."

அவன் அரிவாளையும் என்னையும் பார்த்துக்கொண்டே நின்றான். இவனுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

ஜூன் 27

ஓடைக்காட்டில் மேல் வரிசை முழுக்கக் கொழுந்து நுனி கருகியிருக்கிறதாம். மூக்கம்மாள் வந்து சொன்னாள். போய்ப் பார்த்தேன், கருகல்தான். சுண்ணாம்பு மட்டம். வத்தலக்குண்டுக்கு ஃபோன் போட்டு சுண்ணாம்புக் கடைக்காரனை ஒரு பிடி பிடித்தேன். அவன் நாற்பது வருடமாக இதே காளவாசல் சுண்ணாம்புதான் விற்கிறேன் என்கிறான். திருடனுக்கு வாய் நீளம்.

ஜூலை 4

மழை. வெளியே போக முடியவில்லை. பேப்பரும் படிக்க முடியவில்லை, எழுத்து வரவர எறும்பு மாதிரி ஆகிவிட்டது.

ஜூலை 13

பக்கத்துத் தோட்டத்து ராயப்பன் குறுக்கு வழியாக ஓடைக்காட்டுக்குள் இறங்கப் பார்த்தார், தோளில் சாக்கோடு. கயிற்றருகே மறித்தேன்.

"என்ன சுருளிவேல் அண்ணே, இருவது வருசமா போற வழி."

"வழி இருக்கட்டும். ஒங்க தோட்டத்துல துரு இருக்கா இல்லையா?"

"எங்கதான் இல்ல? ஒங்க மேட்டுக்காட்டுல இல்லியா?"

"என் காட்ட நான் பாத்துக்குவேன். சாக்க வச்சிட்டு, தட்டிட்டு வாங்க."

அவர் முகம் சுண்டிப்போய் ரோடு வழியாகவே போய்விட்டார். போகட்டும். தாட்சண்யம் பார்த்தால் தோட்டம் மிஞ்சாது.

திரும்பி வரும்போது எதிரே மூக்கம்மாள் வந்தாள். "ஏன் இம்புட்டு நேரம், மணி என்ன ஆச்சு?" என்று ஒரு அதட்டு அதட்டினேன். பார்த்தால் மூக்கம்மாள் இல்லை, ராயப்பன் மனைவி செசிலி. ஒரே நாளில் புருஷனும் பெண்சாதியும் பகையாயிற்று. மூடுபனி அப்படி.

"எந்தப் பனி? துணி காயுற வெயிலு" என்கிறாள் தெய்வானை. வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு என்ன தெரியும்.

ஜூலை 25

தினமும் காலையில் காப்பி குடித்ததும் நோய் பார்க்கக் கிளம்பிவிடுகிறேன். முதலில் மேட்டுக்காடு, வரிசை வரிசையாக உள்ளே நுழைந்து. அப்படியே கீழே இறங்கி ஓடைக்காடு. இந்த வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. ஒரு காலத்தில் காப்பி ஆபீஸ்காரர்களே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை என்னிடம் கூட்டி வருவார்கள். பத்தடி தள்ளி நின்றே இன்ன செடியில் இன்ன இலை என்று சொல்வேன். சுருளிவேல் கண்ணு என்று இந்த மலையில் ஒரு பேச்சே உண்டு. இலையைத் திருப்பி விரலால் தேய்த்துப் பார்ப்பதெல்லாம் கற்றுக்குட்டிகள் வேலை.

மேட்டுக்காட்டில் அங்கங்கே இருக்கிறது, வழக்கம்போல். ஓடைக்காடு சுத்தம்.

ஆகஸ்ட் 7

குமரகுரு ஃபோன் செய்தான். தோட்டத்தைப் பற்றிக் கேட்பான் என்று பார்த்தால் கண்ணைப் பற்றிக் கேட்கிறான்.

"ரசத்துல சீனியப் போட்டீங்களாமே."

"ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருந்தா யாரும் போடுவாங்கடா."

"மதுரையில கண்ணாஸ்பத்திரில பேரு பதிஞ்சு வைக்கட்டுமா?"

"ஒன் கண்ணப் பாரு முதல்ல. நல்ல காப்பி கெட்ட செடியாத் தெரியுது."

தெய்வானைதான் வத்தி வைத்திருக்கிறாள். அவளோடு பேச்சில்லை.

ஆகஸ்ட் 8

பேசிவிட்டேன். வெந்நீர் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 20

ஓடைக்காட்டில் நடந்தால் காலடியில் சருகு அதிகம் மிதிபடுகிறது. ஆடிக் காற்று இன்னும் அடங்கவில்லை. நிழலுக்கு வைத்த முள்முருங்கையும் இலை உதிர்க்கும். செடியில் நோய் இல்லை. நன்றாகப் பார்த்தேன். இன்று இரண்டு தடவை பார்த்தேன்.

ஆகஸ்ட் 30

இன்று துவைக்கிற கல்லடியில் தெய்வானை கூப்பிட்டாள்.

என் பனியனை விரித்துக் காட்டினாள். "இது என்னது?"

"பனியன்."

"கூறுகெட்டதனமாப் பேசாதீக. வயித்துல, தோளுல, கையில, அம்புட்டும் காவி. தெனமும் ஒரு கட்டி சோப்பு போட்டுத் தேய்க்கிறேன். ரெண்டு மாசமா இதே சோலிதான்."

எனக்கு அவள் சொன்ன காவி தெரியவில்லை. வெள்ளைப் பனியன் எப்போதும் இருக்கிற மாதிரிதான் இருந்தது. தெரிகிற மாதிரி தலையை ஆட்டிவைத்தேன். "மேட்டுக்காட்டுல இடுக்குல நொழஞ்சு வர்றேன்ல. துருப்பொடி ஒட்டியிருக்கும்."

"மேட்டுக்காட்டுலயா?"

"ஆமா."

அவள் பனியனைத் தண்ணீரில் முக்கினாள். பிறகு கேட்டாள். "இந்தப் பனியனோடதான அப்புறம் ஓடைக்காட்டுக்குப் போறீக?"

நான் சோப்பை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

"கயித்துக்கிட்ட நீங்க தட்டிட்டுத்தான் போறீகளா?"

கயிறு கட்டியவன் தட்டுவதா? என் மேல் என்ன ஒட்டப்போகிறது என்று ஒரு நாளும் வாளியைத் தொட்டதில்லை.

ஒரு புதுத் துண்டை எடுத்துக்கொண்டு நேராக ஓடைக்காட்டுக்குப் போனேன். ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன், வேறு சட்டை மாற்றிக்கொண்டு. கற்றுக்குட்டி மாதிரி ஒவ்வொரு இலையாகத் திருப்பித் துண்டால் துடைத்தேன். கையில் மாவு மாதிரி ஒட்டியது. ஒரு வரிசை முடிந்ததும் துண்டை வெயிலில் பிடித்து, கண்ணுக்கு மிகப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தேன். அப்போது எனக்கே தெரிந்தது.

ஆகஸ்ட் 31

எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 1

இருக்கிறது, எழுதிவிடுகிறேன். மேட்டுக்காட்டுத் துருவை ரெண்டு மாதமாகத் தினம் காலையில் தவறாமல் சுமந்துகொண்டு போய் ஓடைக்காட்டில் தூவியவன் நான்தான். ராயப்பனை மறித்தேன், மூக்கம்மாளைத் தட்டச் சொன்னேன், வேலியே பயிரை மேய்ந்தது. மேய்ந்ததை வேலி பார்க்கவும் இல்லை. ஓடைக்காட்டு நுழைவில் நான் முதலில் நுழைகிற வரிசைகளில்தான் நோய் அதிகம். நான் நடந்த தடத்திலேயே வந்திருக்கிறது.

பாதி செடியில் கீழ் இலை கொட்டிவிட்டது. மேல் பாதி இன்னும் இருக்கிறது. காயும் இருக்கிறது. கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அழுதுகொண்டிருக்க நேரமில்லை.

மத்தியானம் தெய்வானையிடம் சொன்னேன். "நாளையிலருந்து நோய் பாக்க நீ வரணும்."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"ஒனக்குக் கண்ணு தெரியும்."

குத்திக்காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சேலைய எடுத்துச் சொருகிக்கிட்டுத்தான் வரணும்" என்று மட்டும் சொன்னாள்.

செப்டம்பர் 3

இனி வழி மாறியாயிற்று. காலையில் துவைத்த உடுப்போடு ரோடு வழியாகச் சுற்றி முதலில் ஓடைக்காடு. அங்கே வேலை முடிந்த பிறகுதான் மேட்டுக்காடு. மேட்டுக்காட்டில் கால் வைத்தவர்களுக்கு அன்று ஓடைக்காடு கிடையாது. எனக்கும்தான்.

தெய்வானை முன்னால் போகிறாள், நான் பின்னால் சாக்குப் பையோடு போகிறேன். துரு பிடித்த இலையை அவள் ஒடித்துப் போட, நான் பையில் அமுக்கிக் கட்டி ஓடை மணலில் எரிக்கிறேன். இலையைக் கீழே போடக்கூடாது, உலுக்கக்கூடாது, பொடி பறக்கும். நாலைந்து செடி வரைக்கும் "இதா? இதுவா?" என்று கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். எனக்குத் தெரியாத இலையெல்லாம் அவள் கைக்கு வருகிறது. சில சமயம் எரிச்சலாக இருக்கிறது, சில சமயம் நிம்மதியாக இருக்கிறது.

கருப்பணன் முள்முருங்கைக் கிளைகளைக் கழித்தான். செடிகளுக்கு நடுவில் அடர்ந்து நின்ற மலைவாழைக் கட்டைகளில் பாதியை எடுத்துவிட்டோம். இலை சீக்கிரம் காய வேண்டும், ஈரம் நின்றால் துருவுக்குக் கொண்டாட்டம்.

செப்டம்பர் 8

மருந்து அடிக்கிற நாள். கலவை தயார். கருப்பணன் அரிவாளை முக்கி, பழக்க தோஷத்தில் என்னிடம் நீட்டினான். நான் அதை வாங்கித் தெய்வானையிடம் கொடுத்தேன்.

"செவக்குதே" என்றாள். "நல்லாவே செவக்குது."

இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினோம். மறுபடி முக்கினாள். இன்னும் லேசாகச் சிவப்பு. மறுபடி ஊற்றினோம். அதன் பிறகுதான் சரி என்றாள். கருப்பணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜூன் மாசமும் செவந்துச்சாடா?"

"ஆமாங்கய்யா."

"ஏன் சொல்லல?"

"நீங்க பாத்துட்டுச் சொன்னீங்கய்யா."

அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. இந்தத் தோட்டத்தில் என் கண்ணை மீறிப் பேச யாரையும் நான் பழக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுண்ணாம்புக் கடைக்காரனுக்கு ஃபோன் போட்டு, தப்பு என்மேல் என்று சொன்னேன். அவன் சந்தோஷமாக ரொம்ப நேரம் திட்டினான்.

இலைக்கு மேலே அடித்துப் பிரயோசனமில்லை, அடியில் நனைய வேண்டும். குழாயைக் கீழிருந்து மேலே தூக்கி அடிக்கச் சொன்னேன். அது எனக்குக் கண் இல்லாமலும் தெரியும்.

செப்டம்பர் 14

இன்று தெய்வானை கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன, கால் வலிக்குதா?"

"கண்ணாஸ்பத்திரிக்கு எப்பப் போறீக?"

"பழம் எடுத்து முடியட்டும்."

"ஊருக்குத்தான் உபதேசமா? எலையில புள்ளி வந்தா அன்னைக்கே ஒடிச்சு எரிக்கணும்கிறீக. ஒங்க கண்ணுல வந்தா மட்டும் தை மாசம் வரைக்கும் வச்சு வேடிக்க பாக்கணுமா? நீங்க போகாத வரைக்கும் நான் கயித்தத் தாண்ட மாட்டேன்."

ஒரு மணி நேரம் நான் தனியாகப் பார்த்தேன். ஒரு இலைகூட ஒடிக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், பயம். கத்தி வைத்து, அப்புறம் இருக்கிற கொஞ்சமும் போய்விட்டால் நான் யார்? சுருளிவேல் கண்ணு என்று சொன்ன வாய்கள் என்ன சொல்லும்? இதை அவளிடம் சொல்லவில்லை.

வெளியே வந்து, "மகன்ட்ட சொல்லு, பேரப் பதியட்டும்" என்றேன்.

அவள் எழுந்து உடுப்பைத் தட்டி, கால் கழுவி உள்ளே போனாள்.

செப்டம்பர் 23

மதுரை. தெய்வானையின் தங்கை வீட்டில் தங்கல். நாளைக்கு வலது கண். கண்புரை முற்றிவிட்டதாம், இவ்வளவு நாள் எப்படி நடமாடினீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். "நடமாடினதுதான் தப்பாப் போச்சு டாக்டரம்மா" என்றாள் தெய்வானை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வேறு சேர்த்துக்கொண்டாள். டாக்டரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். ஓடைக்காட்டுக்கு இந்த வாரம் மறுமருந்து விழ வேண்டும், அது தள்ளிப்போகிறது. அந்த நினைப்புத்தான்.

செப்டம்பர் 30

ஆபரேஷன் முடிந்தது. கட்டை மறுநாளே அவிழ்த்தாயிற்று, எழுதக்கூடாது என்று சொன்னதால் இத்தனை நாள் எழுதவில்லை. இந்த டைரியில் கோடுகள் நன்றாக, கறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். உரக்கடைக்காரரைப் பற்றி முதல் நாள் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

படுத்தபடி ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். வலது கண்ணை மூடி இடது கண்ணால் சுவரைப் பார்த்தால் பழுப்பு. இடதை மூடி வலதால் பார்த்தால் வெள்ளை. எத்தனை வருடமாகப் பழுப்பை வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ. நீலம்தான் இன்னும் ஆச்சரியம். மச்சினி வீட்டு வாளி, ஜன்னல் கம்பி, எதைப் பார்த்தாலும் நீலம் அப்படிப் பளிச்சென்று இருக்கிறது.

தெய்வானை கட்டு அவிழ்த்த மறுநாள் கிளம்பினாள். வத்தலக்குண்டில் சொந்தத்தில் ஒரு சடங்கு, தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்றாள். மூன்று நாளாகக் காணோம். ஆஸ்பத்திரிக்காரனை விட்டுவிட்டு அப்படி என்ன சடங்கு என்று மச்சினியிடம் கத்தினேன். மச்சினி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இன்று சாயங்காலம் வந்தாள். காப்பி ஆற்றி நீட்டினாள். டம்ளரை வாங்கும்போது அவள் கையைப் பார்த்தேன். பத்து நகமும் நீலம். நகக்கண், விரல் இடுக்கு, மணிக்கட்டு வரைக்கும் துத்த நீலம். எவ்வளவு தேய்த்திருந்தாலும் அது ஒரு வாரத்துக்குப் போகாது.

"சடங்கு நல்லா நடந்துச்சா?"

"ம். நல்ல கூட்டம்."

"மழ கிழ?"

"இல்ல. காஞ்சிருந்துச்சு. எல்லாம் கெடச்சது கெடச்சபடி முடிஞ்சிருச்சு."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தேன். கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்கள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 12

வீட்டுக்கு வந்து நாலு நாள். தூசி படக்கூடாது, தோட்டத்துக்குள் போகக்கூடாது. வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து மேட்டுக்காட்டைப் பார்க்கிறேன்.

இது மேட்டுக்காடா? நான் பச்சை என்று நினைத்துக்கொண்டிருந்தது அவ்வளவும் நிழல் மரத்துப் பச்சை. அதன் அடியில் என் செடிகள் வெறும் குச்சிகளாக நிற்கின்றன. நுனியில் நாலு இலை, அதிலும் புள்ளி. காய் கறுத்துச் சுருங்கிக் கிடக்கிறது. அங்கங்கே இருக்கிறது, வழக்கம்போல் என்று ஜூலையில் எழுதியிருக்கிறேன்.

குமரகுரு சொன்னது இந்தக் காட்டைப் பொறுத்தவரை சரி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இந்தக் கண் வேண்டியிருந்தது.

அக்டோபர் 21

வடகிழக்கு மழை ஆரம்பம். ஓடைக்காட்டு நிலவரத்தைத் தெய்வானை வந்து சொல்கிறாள். "கீழ மொட்டைதான். மேல நிக்குது. கொழுந்து விட்டிருக்கு." கொழுந்தின் அடியில் பொடி உண்டா என்றேன். "நான் பாக்காமயா வருவேன்" என்கிறாள். குரல் மாறிவிட்டது இவளுக்கு. என் குரல் மாதிரி இருக்கிறது.

நவம்பர் 5

மழை விட்ட இடைவெளியில் கடைசி மருந்து. நானும் போனேன், ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக. அரிவாளைத் தெய்வானை பார்த்தாள், பிறகு நான் பார்த்தேன். இரண்டு பேரும் சரி என்ற பிறகுதான் கருப்பணன் பம்பைத் தூக்கினான்.

வழியில் ராயப்பனைப் பார்த்தேன். ஜூலையில் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டேன், செசிலியிடமும் கேட்டேன். "பரவால்ல அண்ணே, இனிமே அதட்டுறதுன்னா ஆளப் பாத்து அதட்டுங்க" என்றது அந்தம்மா.

நவம்பர் 17

முடிவு செய்துவிட்டேன். மேட்டுக்காட்டில் தேறுகிற பழத்தை எடுத்தாயிற்று, அரைச் சாக்குகூட நல்ல பழமில்லை. இனி அந்தச் செடிகளை வைத்துக்கொள்வது ஓடைக்காட்டுக்கு விஷம் வைப்பது. மேலே துரு இருக்கிற வரைக்கும் காற்றடித்தால் கீழே இறங்கும். எத்தனை கயிறு கட்டினாலும் காற்று தட்டிவிட்டு வராது.

தெய்வானையிடம் சொன்னேன். அவள் வாசலுக்கு வந்து மேட்டுக்காட்டைப் பார்த்தாள். "நாம கல்யாணமாகி வந்த வருசம் வச்சது."

"ஆமா."

"மசக்கையில நான் வாந்தி எடுத்துக்கிட்டே குழிக்குத் தண்ணி ஊத்தினேன்."

"ஞாபகம் இருக்கு. அதோட வாரிசுதான் கீழ நிக்குது. ரெண்டுல ஒண்ணத்தான் காப்பாத்த முடியும்."

"அப்ப வெட்டுங்க" என்றாள். உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள்.

நவம்பர் 20

முதல் வெட்டு நானே போட்டேன். யாரையும் போட விடவில்லை. மரம் கெட்டியாக இருந்தது, நாலு வெட்டு வாங்கியது. அப்புறம் கருப்பணனிடம் கோடாலியைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மனசு பொறுக்கவில்லை.

டிசம்பர் 6

குமரகுரு வந்தான். காரை நிறுத்தியதும் மேட்டுக்காடுதான் கண்ணில் பட்டது. வெட்டிய அடிக்கட்டைகள், எரித்த சாம்பல், ஓரத்தில் இன்னும் புகைகிற ஒரு குவியல். அப்படியே நின்றுவிட்டான்.

"அப்பா. நீங்களாவே வெட்டிட்டீங்களா?"

"இது ஒனக்கு. பட்டர் ஃப்ரூட் வையி, என்ன வேணா வையி. ஓடைக்காட்டப் போய்ப் பாரு, அப்புறம் பேசலாம்."

அவன் சாம்பல் நடுவே நடந்து, கட்டைகளைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். நானும் பின்னாலேயே போனேன். இரண்டு பேரும் மேட்டுக்காட்டு வழியாகவே கீழே இறங்கிவிட்டோம். பேச்சு சுவாரசியத்தில் எனக்கு உறைக்கவில்லை.

கயிற்றுக்கு உள்பக்கம் தெய்வானை கூடையோடு நின்றிருந்தாள். முதல் பழம் எடுக்கக் காலையிலேயே ரோடு வழியாக வந்தவள்.

"நில்லுங்க ரெண்டு பேரும். எது வழியா வர்றீக?"

குமரகுரு சிரித்தான். "அப்பாவோட ரூல்ஸா?"

"என்னோட ரூலு. சட்டையக் கழட்டி அங்கன போடு. கையக் கால கழுவு."

வாளிக்குப் பக்கத்தில் கிளையில் துவைத்த பனியன் ஒன்று தொங்குகிறது, அவசரத்துக்கு. ஒன்றே ஒன்று. அவன் கழுவிவிட்டு அதைப் போட்டுக்கொண்டான். வயிற்றில் கொஞ்சம் பிடித்தது. கயிற்றைத் தூக்கி உள்ளே போனான். நானும் கயிற்றில் கை வைத்தேன்.

"நீங்க எங்க வர்றீக?"

"நான் பாக்க வேணாமா?"

"வேற பனியன் இல்ல. அங்கனயே நின்னு பாருங்க."

ஆறு மாதமாக நான் காத்திருந்த தீர்ப்பு, நான் கட்டிய கயிறு. வெளியே நின்றேன்.

அவன் வரிசைக்குள் நடந்தான். கீழ்க் கொம்பு மொட்டைதான், மறைக்க முடியாது. இடுப்புக்கு மேலே இலை அடர்ந்து, கரும்பச்சையாக, நடுநடுவே சிவந்த பழம். தெய்வானை எதுவும் சொல்லாமல் பழம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு செடி முன் நின்றான். ஒரு இலையைத் திருப்பினான். இன்னொன்றைத் திருப்பினான். கட்டைவிரலால் அடியில் தேய்த்து, விரலை வெயிலில் பிடித்துப் பார்த்தான். சுத்தம். அடுத்த செடிக்குப் போனான். அங்கேயும் தேய்த்தான். அவன் பார்க்காத ஒரு இலை அவன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது, அதில் ஒரு சின்னப் புள்ளி.

"குமரா, ஒன் வலது முழங்கைக்குக் கீழ. ரெண்டாவது எலை."

திருப்பினான். பொடி இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் நின்ற இடத்துக்கும் அந்தச் செடிக்கும் பத்தடிக்கு மேலேயே இருக்கும்.

தெய்வானை வந்து அந்த இலையைக் குலுக்காமல் ஒடித்து மடிப்பையில் போட்டாள். பிறகு அம்மாவின் கூடையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் செடியில் பழுத்ததை எடுக்க ஆரம்பித்தான். சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தது மறக்கவில்லை, காம்பைக் கிள்ளாமல் திருகி எடுத்தான்.

"மேட்டுக்காட்டுல மட்டும் பட்டர் ஃப்ரூட் வைக்கிறேன்ப்பா" என்று அங்கிருந்தே சொன்னான். "இது இருக்கட்டும்."

"என்னது? கேக்கல."

கேட்டது. இன்னொரு தடவை சொல்லட்டும் என்றுதான்.

டிசம்பர் 7

பொங்கல் கழித்து இடது கண். குமரகுரு நேற்றே பேர் பதிந்துவிட்டான். இன்று காலை இரண்டு பனியன் துவைத்துக் கயிற்றருகே கூடுதலாகத் தொங்கவிட்டேன்.